அப்பா பத்தி நீ கேட்டதுக்கு

மாப்ள,

உன் மெயில் வந்து ரொம்ப நாளாச்சு. சின்ன விஷயமா இருந்தா வாட்ஸ்அப்லயே ரெண்டு வரி தட்டி விட்டிருப்பேன், நீ கேட்டது அப்படிப்பட்ட கேள்வி இல்ல. அப்பாவுக்கு உன் பேரு மறந்து போச்சு, அம்மா படத்தைக் காட்டினா யாருன்னு கேக்குறாரு, ஆனா சாப்பிட்டுட்டு இருக்கறப்ப திடீர்னு "கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூடுதலுக்குச் சமம்"னு கிளாஸ்ல சொல்ற மாதிரியே ஒரு எழுத்து பிசகாம சொல்றாருன்னு எழுதியிருந்த. தேற்றம் பத்திரமா இருக்கு, எங்கப்பா எங்கடா போனாருன்னு கேட்டிருந்த.

இங்க எல்லாரும் சௌக்கியம். பொண்ணுக்கு காலேஜ் சீட் கிடைச்சிருச்சு, சைக்காலஜிதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னு வாங்கிட்டா. எனக்கு மார்ச்சோட ரிட்டயர்மென்ட். சாயங்காலம் ஆனா புத்தகமும் கையுமா உக்காந்துடறேன், இப்ப படிக்கிறது எல்லாம் அந்தக் காலத்து அரபு, யூத தத்துவம். உன் கேள்விய அவங்க நேருக்கு நேரா எடுத்துப் பேசியிருக்காங்கடா, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

முதல்ல இப்னு ருஷ்து. 1126ல ஸ்பெயின்ல கோர்டோபாவுல பொறந்தவரு, காஜி, அதாவது இஸ்லாமிய நீதிபதி, வைத்தியரும் கூட, அரிஸ்டாட்டிலுக்கு வரிக்கு வரி உரை எழுதினவரு, ஐரோப்பால அப்ப 'உரைகாரர்'னு மொட்டையா சொன்னாலே அவர்தான். அவர் சொல்றது என்னன்னா, ஒரு விஷயத்தைப் பொதுவா புரிஞ்சுக்கற அறிவு, அதாவது இந்த முக்கோணம் அந்த முக்கோணம்னு இல்லாம முக்கோணம்னாலே இப்படித்தான்னு புரிஞ்சுக்கற அறிவு, ஆளுக்கு ஒண்ணு கிடையாது, மனுஷ குலம் முழுசுக்கும் சேத்து ஒண்ணே ஒண்ணுதான், அதுக்கு அழிவும் இல்ல. நமக்குன்னு தனியா இருக்கறது கண்ணு காது வழியா வந்த பிம்பங்கள், அதைச் சேத்து வைக்கிற கற்பனை, ஞாபகம். இதெல்லாம் மூளைலதான் இருக்கு, முன்பக்கம் கற்பனை, நடுவுல யோசிக்கற சக்தி, பின்பக்கம் ஞாபகம்னு இடம் கூட பிரிச்சுச் சொல்றாரு. இந்தப் பிம்பங்கள் மேல அந்தப் பொது அறிவு படறப்பதான் 'எனக்குப் புரிஞ்சுது'ன்னு நாம சொல்றோம். அப்ப ஒரே தேற்றம் ஒரு பக்கம் பாத்தா நிரந்தரம், இன்னொரு பக்கம் பாத்தா அப்பாவோட மூளையை நம்பி இருக்கறது. வயசான காலத்துல புத்தி தடுமாறினா கெட்டுப்போனது அறிவு இல்ல, அதுக்குப் பிம்பம் எடுத்துக் கொடுக்கற மூளைதான். இதுக்கு வேர் அரிஸ்டாட்டில்கிட்டயே இருக்கு, கிழவனுக்கு வாலிபனோட கண்ணு கிடைச்சா அவனும் வாலிபன் மாதிரியே பாப்பான்னு சொன்னவரு அவரு.

இதுல ஒரு ஆறுதல் இருக்கு. அப்பா போர்டுல எழுதிப் போட்டது எதுவும் தொலையல, நம்ம ஊருல பாதிப் பேருக்கு கணக்கு வந்ததே அவராலதான். ஆனா உன் வேதனைக்கு இது பத்தாது. ஏன்னா அப்பாவுக்கே சொந்தமானது எதுவோ, உன்னைக் கூப்பிடற கொரலு, அம்மா மேல இருந்த பிரியம், கோபம் வந்தா மூக்குக் கண்ணாடியைக் கழட்டி வைக்கிறது, அதெல்லாம் அழியற பக்கம் போய் நிக்குது. 1270ல பாரிஸ்ல தாமஸ் அக்வினாஸ்னு ஒரு கிறிஸ்தவ தத்துவஞானி இதே இடத்துலதான் பிடிச்சாரு, அறிவு எல்லாருக்கும் ஒண்ணுதான்னா இதோ இங்க நிக்கிற இந்த மனுஷன் யோசிக்கிறான்னு எப்படிச் சொல்லுவேன்னு கேட்டாரு. எனக்கும் அந்தக் கேள்வி சரின்னுதான் படுது. இப்னு ருஷ்து 1198ல மொராக்கோவுல மராகேஷ்ல இறந்தாரு, உடம்பை கோர்டோபாவுக்கு கொண்டு போனாங்க, அதை நேர்ல பாத்த சூஃபி ஞானி இப்னு அரபி எழுதி வச்சிருக்காரு, சுமை தூக்கற மிருகத்து மேல ஒரு பக்கம் சவப்பெட்டி, மறுபக்கம் எடை சரியா நிக்கறதுக்கு அவர் எழுதின புத்தகங்கள். அந்த இடத்தைப் படிச்சப்ப உன் அப்பாதான் ஞாபகம் வந்தாரு.

அடுத்தது மைமோனிடிஸ், அரபில மூசா பின் மைமூன். அவரும் கோர்டோபாதான், 1138ல பொறந்த யூத தத்துவஞானி, அல்மொஹாத்ங்கற முஸ்லிம் அரச வம்சத்து ஆட்சில அங்க இருக்க முடியாம குடும்பம் மொராக்கோவுல ஃபெஸ், பாலஸ்தீனக் கடற்கரைல ஏக்கர்ங்கற ஊருன்னு அலைஞ்சு எகிப்துல ஃபுஸ்தாத் வந்து சேந்துச்சு. எபிரேய எழுத்துல அரபு மொழில பெரிய நூல் ஒண்ணு எழுதினாரு, அதோட முதல் அத்தியாயத்துலயே கடவுள் சாயல்ல மனுஷனைப் படைச்சாருன்னா அந்தச் சாயல் அறிவுதான், வேற எதுவும் இல்லன்னு அடிச்சுச் சொல்லிடறாரு. நூல் முடியப்போற இடத்துல ராஜாவும் அரண்மனையும் கதை ஒண்ணு வருது, யாரு அறிவால கடவுள்கிட்ட எவ்ளோ கிட்ட போறாங்களோ அவங்க அரண்மனைக்குள்ள அவ்ளோ உள்ள இருக்காங்க. ஊருக்கே வெளிய நிக்கிறவங்களும் உண்டு, வடகோடிலயும் தென்கோடிலயும் எந்த நம்பிக்கையும் இல்லாம வாழற ஜனங்களைச் சொல்லி, இவங்க மனுஷனுக்குக் கீழ, குரங்குக்கு மேலன்னு எழுதறாரு. அவ்ளோ பெரிய மேதை இதை எழுதினத படிக்கறப்ப மனசு கனத்துப் போச்சு மாப்ள. அறிவை மட்டும் வச்சு மனுஷனை அளந்தா இங்கதான் வந்து நிக்கும், இந்த அளவுகோலை அப்பா மேல வைக்க நான் விடமாட்டேன்.

ஆனா அதே மனுஷனோட கடிதத்தைப் பாரு. தம்பி தாவீது வியாபாரி, இவரு உக்காந்து படிக்க எழுத முடிஞ்சதே அவன் சம்பாத்தியத்துலதான். அவன் பாலைவனம் தாண்டி செங்கடல் கரைல ஐதாப் துறைமுகத்துக்கு வந்து, அங்க வாங்கறதுக்கு உருப்படியா சரக்கு இல்லாததால கப்பலேறி இந்தியாவுக்கே போறேன்னு அண்ணனுக்கு எழுதின லெட்டர், ஃபுஸ்தாத் பழைய யூதக் கோயில்ல பழைய காகிதமெல்லாம் போட்டு வைக்கிற அறைல கிடைச்சு இப்ப கேம்ப்ரிட்ஜ் லைப்ரரில இருக்கு. தம்பி இந்துமாக்கடல்லயே மூழ்கிப் போனான். சேதி கேட்டு இவரு கிட்டத்தட்ட ஒரு வருஷம் படுத்த படுக்கை. எட்டு வருஷம் கழிச்சு ஏக்கர்ல இருக்கற சிநேகிதருக்கு எழுதறாரு, இன்னும் துக்கம் ஆறல, என் மடில வளந்தவன், தம்பிக்குத் தம்பி சிஷ்யனுக்கு சிஷ்யன், அவன் கையெழுத்தைப் பாத்தாலே மனசு புரண்டு போகுதுன்னு. தம்பியோட அறிவுக்காக இல்லடா அந்த அழுகை. கையெழுத்துக்கு. மனுஷன்னா யாருன்னு அவர் நூல்ல சொன்னதை விட இந்தக் கடிதத்துல சொன்னதுதான் எனக்கு நம்பும்படியா இருக்கு.

இப்ப இப்னு சீனாவுக்கு வர்றேன், உனக்கு முக்கியமா சொல்ல நினைச்சது இதான். இவரும் தத்துவஞானி, வைத்தியர், கிழக்க, இப்ப உஸ்பெகிஸ்தான்ல இருக்கற புகாரா பக்கம் 980ல பொறந்தவரு, மத்த ரெண்டு பேருக்கும் முன்னாடி. ஒரு ஆளைக் கற்பனை பண்ணிக்கோன்னு சொல்றாரு, முழுசா வளந்தவனா ஒரே நொடில படைக்கப்பட்டவன், அந்தரத்துல மிதக்கறான், கண்ணு மூடியிருக்கு, கை கால் ஒண்ணை ஒண்ணு தொடல, காத்து கூட மேல படல. நேத்துன்னு ஒண்ணே அவனுக்கு இல்ல. ஆனாலும் 'நான் இருக்கேன்'ங்கறது அவனுக்குத் தெரியும்ங்கறாரு. தன்னோட கடைசி காலத்து நூல்ல இன்னும் ஒரு படி மேல போறாரு. தூங்கறவனுக்குத் தூக்கத்துலயும் போதைல கிடக்கறவனுக்குப் போதைலயும் கூட தான்ங்கறது விலகறது இல்ல, அது ஞாபகத்துல தங்காம போகலாம், அவ்ளோதான். ஞாபகம் வேற, தான் தனக்குள்ள இருக்கறது வேற. நரம்பு டாக்டர் இதை ஒத்துக்க மாட்டாருன்னு நீ சொல்லுவ, சரி, ஆனா உன் பேரு அப்பா வாயில வராததை வச்சு அவரு உள்ள இல்லன்னு முடிவு கட்ட எந்த ஸ்கேனும் இடம் கொடுக்கலையே. நான் இப்னு சீனா பக்கம்தான். அப்பா எங்கயும் போகல, அவருக்குள்ள அவரு இருக்காரு, உன் கிட்ட வர்ற வழிதான் அடைபட்டிருக்கு.

அதனால ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. "நான் யாரு சொல்லுங்க பாப்போம்"னு தினம் அவரை டெஸ்ட் பண்ணாத, வீட்டுக்கு வர்றவங்களையும் பண்ண விடாத, பதில் வராதப்ப அந்த முழி முழிக்கறாருன்னு நீயே எழுதியிருக்க. நீயே பேரைச் சொல்லிட்டு உக்காரு. தேற்றம் சொன்னா ஒரு பேப்பர் பென்சில் குடு, முக்கோணம் போடறாரான்னு பாரு.

ஏப்ரல் முதல் வாரம் நான் ஃப்ரீ, வந்து பத்து நாள் இருக்கேன், ராத்திரி முழிக்கறதை நான் பாத்துக்கறேன், நீயும் தங்கச்சியும் ரெண்டு நாள் எங்கயாவது போய்ட்டு வாங்க. அப்பாவுக்கு சர்க்கரை இருக்கா, என்னென்ன மாத்திரை, ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்திரிக்கறாரு, எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி போட்டோ எடுத்து அனுப்பு.

உன் மாப்ள