சார்ஜரை விடுங்கள், மின்விசிறியைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அன்றாட வாழ்க்கையில் கார்பன் தடத்தை, அதாவது நாம் செய்யும் ஒவ்வொன்றாலும் காற்றில் சேரும் கார்பன் டை ஆக்சைடின் அளவை, குறைப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செல்போன் சார்ஜரைக் கழற்றி வையுங்கள், கடைக்குத் துணிப்பை எடுத்துப் போங்கள், பழைய மின்னஞ்சல்களை அழியுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். தப்பில்லை. மஞ்சப்பை எங்கள் வீட்டிலும் கதவுக்குப் பின்னால் எப்போதும் தொங்குகிறது. ஆனால் படித்து முடித்ததும், ஏதோ பெரிதாகச் செய்துவிட்ட திருப்தி சும்மாவே கிடைத்துவிடுகிறது பாருங்கள், அதுதான் என்னை உறுத்தியது.

எனக்கு வரவு செலவு நோட்டு எழுதும் பழக்கம் உண்டு. இரண்டு வருடமாக அதே நோட்டின் பின்பக்கத்தில் கார்பன் கணக்கும் எழுதி வருகிறேன். பெரிய கணிதம் ஒன்றும் இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் ஏறக்குறைய 42 கிலோ. கரண்டுக்கு, மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் சராசரிப்படி யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. நம் ஊரில்தான் இத்தனை காற்றாலை இருக்கிறதே என்று என் வீட்டுக்காரர் வாதாடினார். இருக்கிறதுதான். ஆனால் நமக்கு வருவது தேசம் முழுக்கப் பின்னிக்கிடக்கும் கிரிட் என்ற மின்கம்பி வலையிலிருந்து. அதில் இன்னும் நிலக்கரிதான் பெரும்பங்கு.

முதல் வருடத்துக் கணக்கு இது. ஒன்பது சிலிண்டர், 378 கிலோ. ஸ்கூட்டருக்கு மாதம் 15 லிட்டர், வருடத்துக்கு 414 கிலோ. கரண்ட் ஆறு பில்லும் சேர்த்து 2,700 யூனிட், 1,890 கிலோ! கேஸையும் பெட்ரோலையும் கூட்டினாலும் கரண்டில் பாதிகூட வரவில்லை. அரிசி, பால், துணிமணி எல்லாம் இதில் சேரவில்லை. அதையெல்லாம் எப்படி எண்ணுவது என்று எனக்குப் பிடிபடாததால் விட்டுவிட்டேன்.

சரி, சார்ஜர் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தால், ஒரு போனை வருடம் முழுக்கத் தினமும் சார்ஜ் செய்தாலும் பத்து யூனிட்டைத் தொடாது. எங்கள் வீட்டுப் பழைய ஒன்றரை டன் ஏசி, கோடையில் ஒரே ராத்திரியில் ஏழெட்டு யூனிட் தின்றுவிடும். வருடத்துச் சார்ஜர் கணக்கு ஒரு ராத்திரித் தூக்கத்தோடு சரி.

நான் சந்தேகமே படாத ஆள் மின்விசிறி. பழைய ஃபேன் 75 வாட். ஹாலில் இருப்பது காலை ஆறு மணிக்குப் போட்டால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் நிற்கும். இப்போது வரும் பிஎல்டிசி ஃபேன், அதாவது கரண்டைக் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் வைத்தது, முழு வேகத்தில் 30 வாட்டை ஒட்டித்தான் எடுக்கிறது. ஹாலிலும் படுக்கையறையிலும் இரண்டை மட்டும் மாற்றினோம். வருடத்துக்கு 400 யூனிட் குறைந்தது. விலை பழையதைப் போல இரு மடங்கு என்று தயங்கினோம். ஆனால் எங்கள் வீட்டில் கோடை பில் எப்போதும் 500 யூனிட்டைத் தாண்டும். தாண்டினால் ஸ்லாப் (கட்டண அடுக்கு) மாறி பில் எகிறிவிடும் என்பது தெரிந்ததுதானே. இந்த முறை தாண்டவில்லை.

அப்புறம் ஏசி. எங்கள் வீடு உறையூரில், மாடி அறைக்கு மேலே நேராக மொட்டை மாடி. அக்னி நட்சத்திரத்தில் மதியம் இரண்டு மணிக்கு வடகத்தைப் புரட்டிப் போடப் போனால், செருப்பில்லாமல் நாலு அடி வைக்க முடியாது. அந்தச் சூடு ராத்திரி பதினோரு மணி வரை கூரையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். ஏசி அறையைக் குளிர வைக்கவில்லை, கான்கிரீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. பங்குனியில் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி, டிரம்மில் ராத்திரி ஊற வைத்து, காலையில் பழைய வேட்டியில் வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, வெயில் ஏறும் முன் இரண்டு கை பூசினோம். “மொட்டை மாடிக்கு வெள்ளையடிச்சா யாரும்மா பாக்கப் போறா?” என்றார் மாமியார். மறுவாரம் வெறுங்காலோடு வடகம் பிழிந்தவரும் அவரே. கண்தான் கூசுகிறது, அதற்கு நிழற்குடை கேட்கிறார். ஐப்பசி மழையில் சுண்ணாம்பு பாதி கரைந்து போய்விடும், வருடாவருடம் அடிக்க வேண்டும். அந்த வேலைக்குச் சலிப்பவர்கள், சுண்ணாம்பைப் போலவே வெயிலைத் திருப்பி அனுப்பும் கூல் ரூஃப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம், செலவு அதிகம்.

ஏசியை முன்பு 20-ல் வைத்துப் போர்வை போர்த்திக்கொண்டு படுப்போம். இப்போது 26-ல் வைத்து, ஃபேனைச் சின்னதாகச் சுழல விடுகிறோம். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் வாரியமே சொல்கிறது. 2020 முதல் புது ஏசிகள் 24-லேயே தொடங்கும்படி விதியும் வந்தது. ரிமோட் நம் கையில் இருக்கும்வரை விதி என்ன செய்யும், அது வேறு விஷயம்.

சமையலறையில் பெரிதாக ஒன்றும் இல்லை. பருப்பை ஊற வைக்கிறேன். புழுங்கலரிசியைக் கொதிக்க விட்டு, பானையோடு, சூட்டை வெளியே விடாத தெர்மல் குக்கர் பெட்டிக்குள் இறக்கி மூடிவிடுகிறேன். அடுப்பில்லாமலேயே வெந்துவிடும், வடித்தால் போதும். 40 நாள் வந்த சிலிண்டர் இப்போது 48 நாள் வருகிறது. காந்தி மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடச் சொல்லிக் கெஞ்சுவதில்லை. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே, ஏறிவிடுகிறேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருபவர் வீட்டில் ஒரு ஃபேன், ஒரு டிவி, இரண்டு பல்பு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் அடங்கிவிடும், பில் வருவதே இல்லை. வருவதும் போவதும் பஸ்தான். அவருக்கும் உங்கள் கட்டுரை அதே அறிவுரையைத்தான் சொல்கிறது, மூன்று ஏசி வைத்திருக்கும் என் கொழுந்தனாருக்கும் அதையேதான் சொல்கிறது. கார்பன் தடம் என்ற இந்தப் பேச்சையே 2000-களின் நடுவில் விளம்பரம் செய்து வீட்டுக்கு வீடு பரப்பியதில் பிபி என்ற பெட்ரோலிய நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எண்ணெய் விற்பவர், வாங்குபவரைப் பார்த்து ‘உங்கள் தடம் எவ்வளவு?’ என்று கேட்ட கதை. அதற்காக நான் கணக்கு எழுதுவதை நிறுத்தவில்லை. ஆனால் யாரிடம் கேட்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டாமா?

இரண்டாம் வருட முடிவில் கரண்ட் 1,850 யூனிட்டுக்கு இறங்கியிருந்தது. கேஸ், பெட்ரோல் எல்லாம் சேர்த்து மொத்தம் 800 கிலோ குறைந்தது. நோட்டைத் தூக்கிக்கொண்டு போய் எல்லோரிடமும் காட்டினேன். மகள் சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டு, “நீயும் அப்பாவும் இங்க வந்துட்டுப் போனதை எந்தப் பக்கத்துலம்மா எழுதியிருக்க?” என்றாள். எழுதவில்லை. திருச்சியிலிருந்து அங்கே சுமார் 3,000 கிலோமீட்டர். போக வர ஆளுக்குக் குறைந்தது 350 கிலோ, இரண்டு பேருக்கு 700. ஒரு வருடம் சுண்ணாம்பு அடித்து, அரிசியைப் பெட்டிக்குள் வைத்து மிச்சம் பிடித்ததெல்லாம் ஏறக்குறைய ஒரே பயணத்தில் போய்விட்டது.

பயணத்தை விடுவேனா என்றால், மாட்டேன். பேரனுக்கு இப்போதுதான் பேச்சு வருகிறது. வருடத்துக்கு இரண்டு முறை போனதை ஒரு முறையாக்கி, போனால் ஒரு மாதம் தங்கிவிட்டு வருவது என்று பேசி வைத்திருக்கிறோம். இனி விமானத்துக்கும் நோட்டில் ஒரு வரி உண்டு. அடுத்த முறை இந்தத் தலைப்பில் கட்டுரை போடும்போது, தயவுசெய்து சார்ஜரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃபேனையும் மொட்டை மாடியையும் விமானத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உறையூர், திருச்சி.