லீக்டன்ஸ்டைன் மாளிகைகளையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த வியன்னா பயணக் கட்டுரையில் ஷோன்புரூன் அரண்மனை இருந்தது, பெரிய அருங்காட்சியகங்கள் இருந்தன. ஆஸ்திரியாவை ஒட்டிய குட்டி நாடான லீக்டன்ஸ்டைனை ஆளும் இளவரசர் குடும்பத்தின் ஓவியத் தொகுப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அதைப் பார்த்து வந்தவன் நான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் குடும்பத்துக்கு வியன்னாவில் இரண்டு மாளிகைகள் உண்டு: ஊர் நடுவில் நகர மாளிகை, ரோசாவ் பகுதியில் தோட்ட மாளிகை. தோட்ட மாளிகையில் நுழைந்ததும் 1738-இல் பாரிஸில் செய்த தங்கமுலாம் பூசிய சாரட்டு வண்டி நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் பெரிய ஓவியரான ரூபன்ஸின் டெசியுஸ் மூஸ் ஓவிய வரிசையும் இவர்களிடம்தான் இருக்கிறது. தன் படை வெல்ல உயிரைப் பலி கொடுத்த ரோமானியத் தலைவனின் கதை அது. ஒவ்வொன்றும் பிரம்மாண்டமான ஓவியம்.

ஆனால் நான் நகர மனமில்லாமல் நின்றது, அதே ரூபன்ஸ் தன் மகள் கிளாரா செரீனாவை ஐந்து வயதில் வரைந்த சின்னப் படத்தின் முன்னால்தான். ஒரு முழ உயரம்கூட இராது. கன்னத்தில் சிவப்பு, மூக்கு நுனியில் துளி வெளிச்சம், நேராக நம்மையே பார்க்கும் கண்கள். முகத்தை அவ்வளவு பொறுமையாக வரைந்தவர், உடையை வேகமான நாலைந்து தீற்றல்களோடு விட்டுவிட்டார். எங்கே நிறுத்த வேண்டும் என்று ஓவிய வகுப்பில் வருடக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தவன் நான். அதை இத்தனை தெளிவாக வேறெங்கும் கண்டதில்லை. அந்தக் குழந்தை 12 வயதில் இறந்துபோனாள் என்று வழிகாட்டி ஜெர்மனில் சொல்ல, என் மகள் காதோரம் தமிழில் சொன்னாள். அப்புறம் அந்தப் படத்தைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது.

இதே குடும்பம் 1967-இல் தங்களிடம் இருந்த லியனார்டோ டா வின்சி ஓவியத்தை வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்கு விற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செக்கோஸ்லோவாகியாவில் இருந்த நிலபுலன்கள் பறிபோய்க் கை இறுகியிருந்த காலம். இப்போது மறுபடி வாங்கிச் சேர்க்கிறார்கள். விற்ற கையே திரும்ப வாங்குவதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

முக்கியமான விஷயம்: நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. சிறப்புக் கண்காட்சி நடக்கும் வாரங்கள் தவிர, குறிப்பிட்ட நாட்களில் வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். 2004 முதல் 2011 வரை தோட்ட மாளிகை அருங்காட்சியகமாகவே இயங்கியது. அப்படியே தொடர்ந்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். விமான டிக்கெட் எடுத்த கையோடு இதற்கும் பதிவு செய்துவிடும்படி அடுத்த இணைப்பில் ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்