டிக்கெட் இணையத்தில் இல்லை என்றால் கேஸ் இல்லை என்று அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசு ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்கள் அங்கே தங்கிப் படிப்பதற்கான அரசுப் பதிவுகளை ரத்து செய்தது. வழக்குகள் குவிந்ததும் அந்த மாதக் கடைசியிலேயே திரும்பச் சேர்க்கத் தொடங்கியது. அவர்களில் சிலர் மேல் இருந்தது வெறும் போக்குவரத்து கேஸ்தான் என்று செய்தி வந்ததிலிருந்து, டிக்கெட், அதாவது போலீஸ் கொடுக்கும் போக்குவரத்து கேஸ் சீட்டு, என்றாலே நம் பிள்ளைகளுக்கு நடுக்கம். ஒன்று, யாரையும் கேட்காமல் உடனே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அல்லது வீட்டுக்குத் தெரியாமல் அமுக்கிவிடுகிறார்கள். இரண்டும் தப்பு.

நான் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் வீட்டுக்கு டெக்சாஸ் வந்திருக்கிறேன். தங்கை மகன் லப்பக் நகரில் எம்.எஸ். படிக்கிறான். டாலஸிலிருந்து திரும்பும் வழியில் ஒரு சின்ன ஊர் எல்லையில் அவனைப் பிடித்துவிட்டார்கள். 75 மைல் வேகம் போகலாம் என்றிருந்த ரோடு, ஊர் வருவதற்கு முன் 55 ஆகிறது. இவன் 71-இல் போயிருக்கிறான். வேகம் வேகம்தான், அதில் வாதாட ஒன்றுமில்லை.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். "ஆன்லைன்ல தேடிட்டேன் மாமா, என் பேர்ல கேஸே இல்ல. விட்டுட்டாங்க போல" என்றான். கூடத் தங்கியிருக்கும் பையன்களும் அதையே சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் வண்டி எண்ணைத் தட்டினால் ஈ-சலான் மொத்தமும் ஒரே இடத்தில் வந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் தேடுகிறார்கள். டெக்சாஸில் 254 கவுண்டிகள். நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுதான், ஆனால் சிலவற்றில் ஆளே கிடையாது. லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 64 பேர். இப்படிப்பட்ட இடங்களில் கோர்ட்டுக்கு வெப்சைட் என்று இருந்தாலே பெரிது. இருந்தாலும் தபால் முகவரி, போன் நம்பர், அவ்வளவுதான். போலீஸ்காரர் டிக்கெட் நகலைக் கொண்டுவந்து கொடுத்து, கிளார்க் அதைப் பதிவு செய்யும்வரை போனில் கேட்டாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும்.

காகிதத்தை எடுத்து வரச் சொன்னேன். பில் போடும் மிஷினில் வருகிற மாதிரி நீளமான தாள். எந்த கோர்ட், எந்தத் தேதிக்குள் ஆஜராக வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. நகரப் போலீஸ் பிடித்தால் நகர நீதிமன்றம். மாநிலப் போலீஸோ ஷெரிஃப் (கவுண்டிப் போலீஸ் அதிகாரி) ஆட்களோ பிடித்தால் பெரும்பாலும் 'ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்' என்கிற சின்ன நீதிபதி. ஒரு கவுண்டிக்குள் இந்த நீதிபதிகளுக்கான பகுதிகள் ஒன்றிலிருந்து எட்டு வரை இருக்கலாம், அதனால் பகுதி எண்ணையும் பார்க்க வேண்டும். கீழே கையெழுத்து. அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது, ஆஜராகிறேன் என்று கொடுத்த வாக்கு. வராமல் இருந்தால் அது தனிக் குற்றம். வாரண்ட் வரும், லைசென்ஸ் புதுப்பிப்பதும் நின்றுபோகலாம்.

போன் போட்டோம். பெயரைச் சொன்னால் கிடைக்கவில்லை. டிக்கெட் எண்ணைச் சொன்னதும் உடனே வந்தது. பையனுடைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் குடும்பப் பெயர். பதிவில் அவன் பெயரும் அப்பா பெயரும் ஒட்டிக்கொண்டு, நீளம் தாங்காமல் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. இனிஷியல் வைத்துக்கொள்ளும் நமக்கு இது பெரிய தலைவலி. குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிற பிள்ளைகளுக்கு விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை) என்று போட்டுவிடுகிறார்கள். அவர்கள் கேஸ் அந்தப் பெயரிலும் கிடக்கலாம். ஆகவே டிக்கெட் எண்ணையோ லைசென்ஸ் எண்ணையோ வைத்துக் கேட்க வேண்டும். தாளைக் கையோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது, அந்த எழுத்து வெயிலில் மங்கிவிடும்.

நேரில் போயே முடித்துவிடலாம் என்று அவனுடன் நானும் கிளம்பினேன். ஆர்வம் எனக்குத்தான் அதிகம்! கோர்ட் என்றால் டவாலி, கூண்டு என்று கற்பனை செய்ய வேண்டாம். ஒரு கவுண்டர், கண்ணாடிக்குப் பின்னால் ஒரே ஒரு அம்மாள். பகல் பன்னிரண்டு முதல் ஒன்று வரை பூட்டு. நீதிபதி இல்லை, ஊருக்கு வெளியே ஒரு சாவு நடந்திருக்கிறது, விசாரிக்கப் போயிருக்கிறார் என்றார். மருத்துவப் பரிசோதகர் இல்லாத கவுண்டிகளில் மரண விசாரணையும் இவர் பொறுப்புதான். கல்யாணமும் செய்து வைப்பார். வக்கீலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஆனால் இந்தப் பெட்டி கேஸுக்கும் ஆறு பேர் கொண்ட ஜூரி விசாரணை கேட்க உரிமை உண்டு. நம் நாட்டில் ஜூரி ஒழிந்து எத்தனையோ காலமாயிற்று. படிவத்தில் அந்தக் கட்டத்தைப் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைதான்.

அந்த அம்மாள் பொறுமையாகச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். அபராதத்தைக் கட்டினால் கேஸை எதிர்க்கவில்லை என்றாகிவிடும், தண்டனையாகப் பதிவாகும். இதைத் தெரியாமல்தான் பிள்ளைகள் அவசரமாகக் கட்டிவிடுகிறார்கள். சாதாரண வேக கேஸில் சட்டப்படி அபராதம் 1 டாலரிலிருந்து 200 டாலருக்குள், அதற்கு மேல் கோர்ட் செலவு தனி. அதற்குப் பதிலாக, டெக்சாஸ் லைசென்ஸ் இருந்து, கடந்த 12 மாதத்தில் இந்த வழியைப் பயன்படுத்தாமல், வரம்பைவிட 25 மைலோ அதற்கு மேலோ கூடுதலாகப் போகாமலும் 95 மைலைத் தொடாமலும் இருந்தால், பாதுகாப்பு ஓட்டுநர் வகுப்பு கேட்கலாம். ஆட்கள் வேலை செய்கிற சாலைப் பணி இடத்தில் பிடிபட்டவர்களுக்குக் கிடையாது. ஆஜர் தேதிக்குள் கேட்டாக வேண்டும், அது முக்கியம். வகுப்பு ஆறு மணி நேரம், இணையத்திலேயே முடிக்கலாம். 90 நாளுக்குள் அந்தச் சான்றிதழையும் மாநில போக்குவரத்துப் பதிவின் சான்றிட்ட நகலையும் கொடுத்தால் கேஸ் தள்ளுபடி. கோர்ட் செலவு மட்டும் கட்ட வேண்டியிருக்கும். புதிதாக வந்து இந்திய லைசென்ஸில் ஓட்டுகிறவர்களுக்கு இந்த உரிமை இல்லை. ஆனால் கேஸை 180 நாள் வரை நிறுத்தி வைத்து, நடத்தை சரியாக இருந்தால் தள்ளுபடி செய்யும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

பணம் இல்லை என்று பயந்து ஒளிகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஹூஸ்டனில் போக்குவரத்து அபராதம் 425 டாலர் கட்ட முடியாத ஓர் ஏழையைச் சிறையில் போட்டார்கள். ஏழை என்ற ஒரே காரணத்துக்காக அபராதத்தைச் சிறைத் தண்டனையாக மாற்றக் கூடாது என்று 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழக்கிலேயே தீர்ப்பளித்தது. தவணை கேட்கலாம், சமூக சேவை கேட்கலாம். கவுண்டர் வரைக்கும் போக வேண்டும், அவ்வளவுதான்.

சின்ன ஊர்கள் டிக்கெட்டிலேயே பிழைக்கின்றன என்று பையன்கள் குறை சொல்கிறார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் 5,000 பேருக்குக் குறைவான நகராட்சி, முந்தைய ஆண்டு வருமானத்தில் 30 சதவீதம் வரைக்கும்தான் போக்குவரத்து அபராதத்தை வைத்துக்கொள்ளலாம், மிச்சத்தில் பெரும்பகுதி மாநிலக் கருவூலத்துக்குப் போகும் என்று டெக்சாஸ் சட்டமே கடிவாளம் போட்டிருக்கிறது. எனக்குக் கோபம் வேறு ஆட்கள் மேல். கவுண்டி பெயரைப் போட்டுத் தேடினால் கோர்ட் மாதிரியே தோற்றம் காட்டி, இடையில் நின்று கட்டணம் பிடுங்குகிற தளங்கள் முன்னால் வந்து நிற்கின்றன. 'இன்றே கட்டாவிட்டால் லைசென்ஸ் ரத்து' என்று போனுக்கு வரும் குறுஞ்செய்திகளும் மோசடிதான். லிங்கைத் தொடாமல், டிக்கெட் தாளில் இருக்கும் எண்ணுக்கே போன் செய்து கேட்க வேண்டும்.

கேஸ் முடிந்ததும் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். நகல் மனு வாங்கியே காலம் தள்ளியவன் சொல்கிறேன், பிற்பாடு கேட்டால் அலைச்சல். விசா படிவத்தில் இதைச் சொல்ல வேண்டுமா என்பதைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலோ வக்கீலிடமோ கேட்கட்டும், நண்பர்களிடம் வேண்டாம்.

ஆகஸ்டில் பிள்ளைகள் கிளம்பும் நேரத்தில் உங்கள் பத்திரிகையின் கல்விப் பக்கத்தில் பேங்க் லோன், விசா நேர்காணல் பற்றியெல்லாம் நிறைய வருகிறது. அதன் பக்கத்திலேயே இதற்கும் ஒரு அரைப் பத்தி ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சிரஸ்தார், திண்டுக்கல்
(தற்போது டாலஸ், டெக்சாஸ்)