என் டபிள்யூடிஎம்-2க்குக் கண் திறந்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

எட்டு மாதமாக முகப்பு விளக்கில்லாமல் மேசையில் கிடந்த என் டபிள்யூடிஎம்-2 டீசல் ரயில் இன்ஜின் மாடல் போன ஞாயிற்றுக்கிழமை இரவு கண் திறந்துவிட்டது. அசல் இன்ஜின் 17 மீட்டர் நீளம். 87-இல் ஒரு பங்காகச் சுருக்கிய என்னுடையது 20 சென்டிமீட்டர்கூட இல்லை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டே எல்இடி. அதற்கு நன்றி மடலா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் கையில் மட்டும் விட்டிருந்தால் இன்னும் எரித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

முதலில் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடை அண்ணன். வாங்கிப்போன முதல் எல்இடியை நான் நேராக 12 வோல்ட்டில் கொடுத்தேன். நீலமாக ஒரு மின்னல், அவ்வளவுதான். சரக்கு சரியில்லை என்று சண்டைக்குப் போனவனை ஸ்டூலில் உட்காரவைத்து, பில் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார். வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட் போதும். மிச்சம் 9 வோல்ட்டை, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் வாங்கிக்கொள்ள வேண்டும். 1 கிலோ ஓம் போட்டால் 9 மில்லிஆம்பியர் ஓடும். "இருபதைத் தாண்டினா போச்சு தம்பி" என்றார். அண்ணே, அந்த பில் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்புறம் எங்கள் தெரு முனை வாட்ச் கடைக்காரர். 0603 அளவு எல்இடி என்றால் 1.6 மில்லிமீட்டருக்கு 0.8 மில்லிமீட்டர், எள்ளில் பாதி. தலைமுடி போன்ற எனாமல் கம்பியை அதில் பற்றவைக்கப் போனால் எல்இடி சால்டரிங் அயர்ன் முனையில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிடும். இல்லை, இடுக்கியிலிருந்து தெறித்துவிடும். டார்ச்சோடு தரையில் தவழ்ந்த ராத்திரிகளுக்குக் கணக்கே இல்லை. வாட்ச் காயில் கம்பியோடு முப்பது வருஷமாகப் பழகியவர், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை மரக்கட்டையில் ஒட்டி, எல்இடியை அதில் கவிழ்த்து வைத்தார். கம்பி முனையின் எனாமலைப் பிளேடால் சுரண்டி, முதலில் கம்பிக்குத் தனியாக ஈயம் பூசினார். பிறகு ஈயம் நன்றாகப் பிடிக்க ஃப்ளக்ஸ் ஒரு சொட்டு, அயர்னால் ஒரு தொடல். ஒரு விநாடிக்கு மேல் சூடு காட்டவில்லை. எட்டு மாதத்தில் நான் பார்த்த மிக அழகான காட்சி அதுதான்.

தண்டவாளம் வழியாக வரும் கட்டளைப்படி மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் குட்டிச் சர்க்யூட்டான டிகோடரை வைத்தபோது கைகொடுத்தவர் கோயம்புத்தூர் நண்பர். கறுப்பு வயர்தானே மைனஸ் என்று நானாக முடிவுகட்டி எல்இடியின் மைனஸ் காலை அதில் கொடுத்திருந்தேன். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் விளக்கு அணையவே இல்லை. போனிலேயே சிக்கலைப் பிடித்துவிட்டார். டிகோடரில் கறுப்பும் சிவப்பும் தண்டவாளத்திலிருந்து வரும் வயர்கள். விளக்குக்குப் பொதுவான பிளஸ் நீலம். முன்விளக்கின் மைனஸ் வெள்ளை, பின்விளக்குக்கு மஞ்சள். ரெசிஸ்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக.

எரிந்தது சரி, ஆனால் பிளாஸ்டிக் கூடு முழுவதும் அரிக்கேன் சிம்னி மாதிரி ஒளிர்ந்தது. மகள் தன் கறுப்பு நகப்பூச்சைக் கொடுத்தாள். உள்பக்கம் இரண்டு கை பூசியதும் வெளிச்சம் அடங்கியது. பாட்டில் காலி, புதிதாக வாங்கித்தர வேண்டும்.

இவ்வளவையும் முடித்துவிட்டு, மாடி வீட்டு ஐயாவைப் பெருமையாகக் கூப்பிட்டேன். ஈரோடு ஷெட் வண்டிகளை ஓட்டி ஓய்வு பெற்ற லோகோ பைலட். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "இது டியூப்லைட்டுப்பா. எங்க வண்டில குண்டு பல்பு, மஞ்சளா விழும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். இரண்டு நாள் கோபமாக இருந்தேன். ஆனால் அவர் சொன்னதுதான் சரி. நீலம் பாய்ந்த எல்இடியைக் கழற்றிவிட்டு மஞ்சள் கலந்த வார்ம் வொயிட் போட்டேன். 1 கிலோ ஓமுக்குப் பதில் 4.7 கிலோ ஓம். 2 மில்லிஆம்பியருக்கும் குறைவுதான், அதுவே தாராளம்.

நம் ரயில்வேயின் அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல் வர வேண்டும், நான் ஓட்டுவதோ 16.5 மில்லிமீட்டர் இடைவெளித் தண்டவாளத்தில். தெரிந்தும் வாய் திறக்காத நண்பர்களுக்கும் தனியாக ஒரு நன்றி.

ஞாயிறு இரவு அறை விளக்கை அணைத்துவிட்டு ஐயாவை மறுபடி கூப்பிட்டேன். முழங்கால் வலியைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து, தண்டவாளத்துக்கு நேராகக் கண்ணை வைத்தார். மஞ்சள் வெளிச்சம் வளைவில் திரும்பி அவர் முகத்தில் விழுந்தது. ஒன்றும் பேசவில்லை. பக்கத்துப் பாதையில் எதிரே இன்னொரு வண்டியை விட்டேன்.

"எதிர்ல வண்டி வருதுல்ல, லைட்டை டிம் பண்ணு" என்றார்.

அதற்கு ஒரு பொத்தான் ஒதுக்கும் வேலை இந்த வாரம் நடக்கிறது, ஐயா.