அந்த 3 புள்ளி எங்கே போனது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த திங்கட்கிழமை விளையாட்டுப் பக்கத்தின் அடியில், சலவைத்தூள் விளம்பரத்துக்கு மேலே, கல்லூரி ரக்பி ஆட்டம் ஒன்றைப் பற்றி நான்கு வரிச் செய்தி போட்டிருந்தீர்கள். கால்பந்து, பூப்பந்து தவிர வேறொன்றுக்கும் இடம் கிடைத்ததே என்று முதலில் சந்தோஷம்தான். ஆனால் 83-0 என்று அச்சாகியிருக்கிறது. 83-3 என்று இருக்க வேண்டும். இத்தனை வாங்கியவனுக்கு மூன்று என்ன, பூஜ்யம் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். அந்த மூன்றுக்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் திடலில் இருந்தேன். தோற்ற அணியின் முன்வரிசையில் ஆடியவன் என் அக்கா மகன். ஆகவே நான் நடுநிலையாளன் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வயரிங் வேலை. முதல் நாள் இரவு அவன் என் வேலைப் பெட்டியைக் குடைந்து கறுப்பு டேப் ஒரு சுருள் எடுத்துக்கொண்டான். காதுக்காம். ஸ்க்ரம்மில், அதாவது இரண்டு அணியின் முன்வரிசைகளும் குனிந்து கோத்துக்கொண்டு முட்டித் தள்ளும்போது, தலையோடு தலை உரசிக் காது மடங்கி வீங்கிவிடும் என்பதால், தலையைச் சுற்றி டேப் ஒட்டிக் காதை அமுக்கிக்கொள்வார்களாம். "இது கரண்ட் வயருக்குடா" என்றேன். "ஒட்டுதுல்ல மாமா, அது போதும்" என்றான்.

எதிரணியில் பாதிப் பேர் படிவம் ஒன்றிலிருந்தே, அதாவது இடைநிலைப் பள்ளியின் முதல் வருடத்திலிருந்தே, தங்கிப் படிக்கும் பள்ளிகளில் ரக்பி ஆடி வந்தவர்கள். எங்கள் பையன்கள் குழு சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. கால்பந்துக் குழுவில் இடம் கிடைக்காதவர்கள், ஹாக்கி மட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்தவர்கள், கபடி ஆடுகிற ஒருவன் என்று கலந்து கட்டிய கூட்டம். தமிழ்ப் பையன்கள் ஐந்து பேர், மற்றவர்கள் மலாய், சீனப் பையன்கள். மதியம் பெய்த மழையில் திடல் சேறாகிக் கிடந்தது. பாதி ஆட்டத்தில் 40-0. ஸ்கோர் பலகையில் எண் தகட்டை மாற்றுகிற பையன் ஒரு கட்டத்தில் ட்ரைக்கு (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டித் தரையில் வைப்பது) ஒரு தடவை, அதற்கடுத்த உதைக்கு ஒரு தடவை என்று எழுந்திருப்பதை விட்டுவிட்டான். இரண்டையும் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டான். எங்கள் பக்கம் இருந்த கூட்டத்தில் பாதி அப்போதே மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கால்பந்தில் கோல் வாங்கியவனுக்குத்தான் அடுத்துப் பந்து. பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் தலைகீழ். புள்ளி எடுத்த அணிக்கு எதிரணிதான் நடுக்கோட்டிலிருந்து உதைத்து ஆட்டத்தை மறுபடி தொடங்க வேண்டும். அதாவது அடி வாங்கியவனே பந்தைக் கொண்டுபோய் அடித்தவன் கையில் கொடுக்க வேண்டும். ஏழு பேர் ஆட்டத்தில் அப்படி இல்லை, அங்கே புள்ளி எடுத்தவன்தான் உதைக்க வேண்டும். பதினைந்து பேர் ஆட்டத்தில் பலவீனமான அணி ஒரு தடவை சறுக்கிவிட்டால் பந்தையே பார்க்க முடியாமல் போவது இதனால்தான். ஸ்கோர் ஏறுவது வாடகைக் கார் மீட்டர் ஓடுவது போல, நின்றாலும் ஓடும்.

இரண்டாம் பாதியில் எங்கள் முன்வரிசைப் பையன் ஒருவன் நொண்டிக்கொண்டு வெளியேறினான். அந்த இடத்தில் ஆடப் பயிற்சி பெற்றவன் வேறு யாரும் இல்லை. பயிற்றுநர் ஒளிக்காமல் நடுவரிடம் போய்ச் சொன்னார். அதன் பிறகு ஸ்க்ரம் எல்லாம் தள்ளாத ஸ்க்ரம்தான், பிடித்துக்கொள்ளலாம், முட்டித் தள்ளக்கூடாது. இது விதியில் இருப்பது, கழுத்து சம்பந்தப்பட்ட விஷயம். எனக்குப் பின்னால் இருந்த ஒருவர், "என்னடா கட்டிப்பிடிச்சுக் கொஞ்சிக்கிட்டு இருக்கானுங்க" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து "பாலேக்லா! பாலேக்லா!" (வீட்டுக்குப் போங்கடா) என்று கைதட்டிக்கொண்டே ஒரு கூட்டம் கத்திக்கொண்டிருந்தது.

61-0 என்று இருந்தபோது எதிரணி தப்புச் செய்ததில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, 22 மீட்டர் கோட்டுக்குப் பக்கத்தில், கம்பத்துக்கு நேராக. பந்தைக் கோட்டுக்கு வெளியே உதைத்துவிட்டு, ஒரு ட்ரையாவது போடப் பார்ப்பார்கள் என்று எல்லாரும் நினைத்தோம். எங்கள் கேப்டன் கையை நீட்டிக் கம்பத்தைக் காட்டினான். பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கப் போகிறோம் என்று அர்த்தம். திடலே சிரித்தது. நானும் சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன். பந்தை நிறுத்தி வைக்கிற பிளாஸ்டிக் தாங்கிகூட எங்களிடம் இல்லை. எதிரணிக்காரன் தன்னுடையதை எடுத்துவந்து கொடுத்தான், அவன் நன்றாக இருக்கட்டும். உதைத்தவன் கால்பந்திலிருந்து வந்த ஒல்லிப் பையன். பந்து தடுமாறிக்கொண்டு போய் குறுக்குக் கம்பத்தை ஒரு முழம் மேலாகத் தாண்டி விழுந்தது. 61-3. கிண்டலாக விசில்.

வீட்டுக்குப் போகும் வழியில் காரில் கேட்டேன், எதுக்குடா அந்த மூணு. மருமகன் சொன்ன பதில் இதுதான். உதைப்பதற்கு ஒரு நிமிடம் தருவார்கள். பையன்கள் நிற்க முடியாமல் நின்றுகொண்டிருந்தார்கள், அந்த அறுபது வினாடி மூச்சு வேண்டியிருந்தது. அப்புறம், புள்ளி எடுத்தவனுக்குத்தானே எதிரணி உதைத்துத் தர வேண்டும்? அன்றைக்கு முதல் தடவையாகப் பந்து எங்களிடம் தானாக வந்தது. வந்த பந்தை ஏழெட்டுத் தடவை விடாமல் கைமாற்றி நடுக்கோடு வரை கொண்டுபோனார்கள். பிறகு நழுவவிட்டார்கள், அது வேறு. ஆனால் அன்றைய எண்பது நிமிடத்தில் திடலில் யாராவது யோசித்து ஆடினார்கள் என்றால் அது அந்த ஒரு நிமிடம்தான். நானும் பள்ளியில் ஆடியவன்தான், ஒரு ட்ரைக்கு நான்கு புள்ளி இருந்த காலத்தில் (ஐந்தானது 1992-ல்). எனக்கே புரியவில்லை.

இரவு புலனக் (வாட்ஸ்அப்) குழுவைத் திறந்தால் திருவிழா. "இது ஸ்கோரா, பாலேக் பூலாவ் டுரியான் விலையா" என்று ஒருவர் (பாலேக் பூலாவ் எங்கள் பினாங்கின் டுரியான் ஊர்). சரி, அதற்கு நானும் சிரித்தேன். "நம்ம பையன்களுக்கு எதுக்கு ரக்பி" என்று இன்னொருவர். இவருக்குப் பதில் சொல்லி உங்கள் பக்கத்தை வீணாக்க விருப்பமில்லை. ஒரு தம்பிதான் விவரமாக எழுதியிருந்தார்: 2015 உலகக் கிண்ணத்தில் ஜப்பான் கடைசி நிமிடத்தில் 3 புள்ளி வேண்டாம் என்று ட்ரைக்குப் போய்த் தென்னாப்பிரிக்காவை 34-32 என்று ஜெயித்தது, இவனுங்க 61 வாங்கிட்டு மூணுக்கு உதைக்கிறானுங்க, வெட்கமில்லையா என்று. தம்பி, அப்போது ஜப்பான் 29-32 என்று பின்தங்கியிருந்தது. மூன்று எடுத்தால் சமன், ட்ரை போட்டால் வெற்றி. எங்களுக்கு எதை எடுத்தாலும் தோல்விதான், வேண்டியிருந்தது மூச்சும் பந்தும். அந்த ஜப்பானே 1995 உலகக் கிண்ணத்தில் நியூசிலாந்திடம் 145-17 என்று வாங்கியது. அதற்கு முந்தின வருடம் நம் கோலாலம்பூரிலேயே, அந்த உலகக் கிண்ணத்துக்கான தகுதிச் சுற்றில், ஹாங்காங் சிங்கப்பூரை 164-13 என்று அடித்தது. 26 ட்ரை, அதில் பத்து ஆஷ்லி பில்லிங்டன் என்ற ஒரே ஆள் போட்டது. 83 ஒன்றும் உலக அதிசயம் இல்லை.

இரக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். ஜெயித்த அணி கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆடியிருக்கலாமே என்று எழுதியிருந்தார்கள். நானும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். பையன் முகம் மாறிவிட்டது. கடைசியில் அவர்கள் போட்ட ஒரு ட்ரைக்குப் பிறகு, வழக்கமாக உதைப்பவனை விட்டுவிட்டு, அவர்களுடைய குண்டு முன்வரிசைக்காரனை வேடிக்கைக்காக உதைக்க விட்டார்கள். பந்து எங்கோ போனது, அவர்கள் பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. "பதிமூணு ட்ரைக்கும் கோவம் வரல மாமா. அந்த ஒரு உதைக்குத்தான் வந்துச்சு" என்றான். டேப்பைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். காதோரத்து முடியும் சேர்ந்து வந்தது.

ஜெயித்தவர்கள் முழு வேகத்தில் ஆடியதில் எனக்குக் குறை இல்லை. பையன்கள் பயிற்சி எடுத்தது அதற்குத்தானே. நான்கு மாதக் குழுவையும் ஆறேழு வருடம் ஆடியவர்களையும் ஒரே பிரிவில் போட்டு அட்டவணை தயாரித்தார்களே, அந்த ஏற்பாட்டாளர்களைப் பற்றி எந்தக் குழுவிலும் ஒரு வார்த்தை இல்லை. இரண்டு பிரிவாகப் பிரிக்க என்ன கஷ்டம்? குழு எண்ணிக்கை போதாது என்றால், புதுக் கல்லூரிகளுக்குப் பத்துப் பேர் ஆட்டம் வைக்கலாம். பாதிக்குப் பத்து நிமிடம், ஆளும் குறைவு. பத்துப் பேர் ஆட்டமே 1967-ல் பெட்டாலிங் ஜெயாவில் கோப்ரா என்ற ரக்பி கிளப் தொடங்கிவைத்ததுதான். நம் நாட்டில் பிறந்த ஆட்டத்தை நாமே மறந்துவிட்டோம்.

ஐயா, அடுத்த சனிக்கிழமையும் ஆட்டம் இருக்கிறது. எவ்வளவு வாங்குவார்கள் என்று தெரியாது. வாங்குவார்கள். நிருபரை அனுப்பினால் கடைசி வரை நிற்கச் சொல்லுங்கள். போன தடவைக்கு ஒரு வரித் திருத்தம் போட்டால் சந்தோஷம். இடமில்லை என்றால் பரவாயில்லை, இந்தக் கடிதத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், அந்த 3-ஐ மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
கெலுகோர், பினாங்கு