வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாதம் தவறாமல் கூடினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஆண்டின் பெரும்பகுதி சோவியத் யூனியனில் ஸ்டாலின் காலத்தில் இருந்த கட்டாய உழைப்பு முகாம்களைப் படிப்பதிலேயே போனது. தலைப்பைச் சொன்னதும் சிலருக்கு மனத்தாங்கல். மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களைச் சொற்ப விலைக்கு வாங்கிப் படித்து வளர்ந்தவர்கள் நாம். என் வாசிப்பும் அங்கேதான் தொடங்கியது. அந்த நன்றி இருப்பதால்தான் இதையும் படித்தாக வேண்டும் என்றேன். சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா அந்த நாட்டை நம்பிப் போனவர்; 1937 செப்டம்பரில் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இதைச் சொன்னபின் யாரும் மறுக்கவில்லை.

1930 முதல் 1953 வரை குலாக் எனப்பட்ட இந்த முகாம்களிலும் உழைப்புக் காலனிகளிலும் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் பேர் அடைபட்டுக் கிடந்தார்கள். அரசுப் பதிவேடுகளின்படியே 15 லட்சத்துக்கு மேல் சாவு. ரஷ்யாவின் வடக்கிலுள்ள வெண்கடல் கால்வாய் 227 கிலோமீட்டர். 1931-33இல் கைதிகள் கடப்பாரையும் மண்வெட்டியும் மரத் தள்ளுவண்டியும் வைத்தே அதை வெட்டி முடித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அப்புறம் பார்த்தால் ஆழம் நான்கு மீட்டர்கூட இல்லை, பெரிய கப்பல் போக வழியில்லை. அன்று கூட்டம் முடிந்தும் வெகுநேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.

ரொட்டிக் கூட்டத்தை மறக்க முடியாது. அன்றைய வேலை அளவை முடித்தால்தான் முழு ரொட்டி; முடிக்காதவருக்கு 300 கிராம் வரை குறைத்துவிடுவார்கள். மளிகைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் தராசைக் கொண்டுவந்து 300 கிராம் நிறுத்துக் காட்டினார். பார்க்க நிறையத்தான் தெரிந்தது. “இவ்வளவு இருக்கே” என்றாள் ஒரு சிறுமி. நம் ரொட்டி பஞ்சுபோல லேசானது, அவர்களுடையது ஈரம் ஏறிய கனத்த கறுப்பு ரொட்டி, அதே எடைக்குக் கையளவுதான் வரும் என்று விளக்கினோம். அதைத் தின்றுவிட்டு உறைபனியில் நாள் முழுக்க மரம் வெட்ட வேண்டும். தெம்பு குறைந்தால் வேலை குறையும், வேலை குறைந்தால் மறுநாள் ரொட்டியும் குறையும். அவள் பேசாமல் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வரலாற்றைத் திரட்டிய மெமோரியல் அமைப்பைக் கலைக்கும்படி 2021 டிசம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மறு ஆண்டே அதற்கு நோபல் அமைதிப் பரிசில் பங்கு கிடைத்தது. மாண்டவர்களின் பெயர்களை ஆண்டுதோறும் அக்டோபர் 29 அன்று மாஸ்கோவில் ஒவ்வொருவராக வந்து வாசிக்கும் வழக்கத்தைத் தொடங்கியதும் அவர்கள்தான். வரும் அக்டோபர் 29 மாலை நாமும் கூடி ஒரு மணி நேரம் பெயர் வாசிக்கலாம் என்று செயற்குழு முன்மொழிகிறது. ஒப்புதல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்