ஃபயர் ரோடு ஏத்தம் பத்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நகரத்த ஒட்டின மலைங்கள்ல ஃபயர் ரோடு வழியா உச்சிக்கு நடந்து போறத பத்தி உங்க வார இணைப்புல வந்த கட்டுரைய படிச்சேன், நல்லா எழுதியிருந்தாங்க, ஆனா நடுவுல "அகலமான பாதை, குடும்பத்தோட சுலபமா போயிட்டு வரலாம்"னு ஒரு வரி வருது பாருங்க, அதுதான் மனசுக்கு ஒப்பல.

காட்டுத்தீ வந்தா தீயணைப்பு வண்டியும் புல்டோசரும் சட்டுனு மேல ஏறணும்னு வெட்டின ரோடு அது. நடக்கறவங்களுக்குன்னு போட்ட பாதை வளைஞ்சு வளைஞ்சு போகும், ஏத்தம் அவ்வளவா தெரியாது. ஃபயர் ரோடு பல எடத்துல மலை முகட்ட புடிச்சு நேரா ஏறிடும், 100 மீட்டர் போறதுக்குள்ள 20 மீட்டர் உசரம் ஏறுற மாதிரி எடமெல்லாம் உண்டு. ஓரத்துல செடி, மரத்தையும் வெட்டி விட்டிருப்பாங்க, அதனால நிழலுக்கு ஒதுங்க எடம் கிடைக்காது, வெயில் காலத்துல 10 மணிக்கு மேல கிளம்பினா வாட்டி எடுத்துடும்.

உதாரணத்துக்கு, கலிபோர்னியால ஃப்ரீமான்ட் ஊர ஒட்டி இருக்கிற மிஷன் பீக் உச்சி 2,517 அடிதான். அடிவாரத்துல இருந்து 3 மைல்னு சொன்னா ஒரு மணி நேரத்துல போயிடலாம்னு தோணும். ஆனா ஏற வேண்டிய உசரம் சுமார் 2,000 அடி. நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் 1892லயே இதுக்கு கணக்கு சொல்லியிருக்காரு, 3 மைலுக்கு 1 மணி நேரம், 2,000 அடி ஏத்தத்துக்கு இன்னொரு மணி நேரம். அப்ப மேல போகவே 2 மணி நேரம் ஆச்சா, அதுவும் எங்கயும் உக்காராம நடந்தா. சின்ன புள்ளைங்கள கூட்டிட்டு அர பாட்டில் தண்ணியோட போறவங்களுக்கு இது தெரிய வேணாமா?

இறங்குறத பத்தி கட்டுரைல ஒரு வார்த்த கூட இல்ல, எனக்கு அதுதான் பெரிய குறை. நல்லா இறுகிப்போன மண்ணு மேல பொடிக்கல்லு சிதறிக் கிடக்கும், ஷூவுக்கு அடியில அது உருண்டுச்சுன்னா கால் முன்னாடி வழுக்கிட்டுப் போயிடும், ஆள் பொத்துனு உக்காந்துருவாங்க. எட்டு சின்னதா வச்சு, முட்டிய லேசா மடக்கி, அவசரப்படாம இறங்கணும். தொடை முன்பக்கத்து தசை ஒவ்வொரு எட்டுக்கும் உடம்பு பாரத்த தாங்கிக்கிட்டே நீளுது, அதான் மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும் மாடிப்படி இறங்க முடியாம வலிக்குது. குச்சி இருந்தா முட்டிக்கு பாரம் குறையும்.

அதனால இனிமே இந்த மாதிரி போடும்போது தூரத்துக்கு பக்கத்துலயே ஏத்தம் எத்தனை அடின்னும் போடுங்க, நிழல் இருக்கா, வழியில தண்ணி கிடைக்குமான்னும் ஒரு வரி எழுதுங்க. அப்புறம் கீழ இருக்கிற இரும்பு கேட்டுக்கு முன்னாடி காரை நிறுத்த வேணாம்னு கண்டிப்பா சொல்லுங்க, தீ புடிச்சா தீயணைப்பு வண்டி உள்ள போற வழி அதுதான்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்